சண்முகவடிவு டீச்சர் பெயரில் நான் எழுதியவை

ஆகஸ்ட் 4, திங்கள்

சண்முகவடிவு டீச்சரைச் சும்மா விடமாட்டேன். இதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இது போன வருஷத்துச் சமூக அறிவியல் நோட்டு. பின்னால் நாற்பது தாள் மிச்சம் இருக்கிறது. அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் கையில் கிடைத்தால் தெருவுக்கே வாசித்துக் காட்டுவான். டீச்சர் கையில் கிடைத்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்.

இசக்கி பள்ளிக்கூடத்துக்கு வராமல் இன்றோடு மூன்று நாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளும் நானும் ஒரே பெஞ்சு. இப்போது பத்தாம் வகுப்பு, பி பிரிவு. அவள் இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். இசக்கிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வாசிக்க வராத பிள்ளைகள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் இங்கிலீஷ் வரிக்கு மேலே, பொடி எழுத்தில், அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து வாசித்தால் இங்கிலீஷ் வாசிப்பது போலவே இருக்கும். இசக்கி வாசித்தால் டி.வி.யில் செய்தி வாசிப்பது போல இருக்கும். ஜூன் மாதம் முழுக்க டீச்சர் அவளைத்தான் எழுப்பி வாசிக்கச் சொன்னார்.

ஜூலை 28 அன்று யாரோ டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் வகுப்புக்குள் வந்ததும் நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து இசக்கியின் புத்தகத்தைப் பிடுங்கினார். மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அந்தத் தமிழ் எழுத்தை இழுத்து இழுத்து வாசித்தார். வகுப்பே சிரித்தது.

"இத்தனை நாளா என்னைக் கேணச்சியாக்கிட்டு இருந்திருக்க. ஒனக்கு இடம் இங்க இல்லட்டி. ஆறாங்கிளாஸ்ல போய் உக்காரு. அங்கதான் ஏ, பி, சி, டி சொல்லிக் குடுக்காங்க."

மூன்று நாள் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தாள். குட்டைப் பெஞ்சு. அவள் முழங்கால் மேஜையில் இடித்துக்கொண்டே இருந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான்காம் நாளிலிருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் டீச்சரின் பாடக்குறிப்பு நோட்டை வாரா வாரம் நான்தான் எழுதுவேன். ஒவ்வொரு டீச்சருக்கும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது. திங்கட்கிழமை பெரிய டீச்சர் மேஜையில் கொண்டுபோய் வைத்தால் அவர் கையெழுத்துப் போடுவார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை.

இன்றைக்கு அட்டை போட்ட புது நோட்டு ஒன்றை நீட்டினார்.

"தென்காசியில டிரெய்னிங் போட்டு உயிரை எடுத்துட்டாங்க. இங்கிலீஷ் எடுக்கிற டீச்சர் எல்லாம் தினம் ஒரு பக்கம் எழுதணுமாம். வகுப்புல என்ன நடந்துச்சு, நாம என்ன செஞ்சோம்னு நெனச்சுப் பாத்து எழுதணுமாம். எழுதுனா நாம வளந்துருவோமாம்." பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் சிரித்தார். "மனசுல உள்ளது வரணும்னு தமிழ்லயே எழுதச் சொல்லிட்டாங்க. நீயே எழுதிரு ஆவுடை."

"நான் என்னத்த டீச்சர் எழுத?"

"இந்தா, பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரோடதை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். மாத்தி மாத்திப் போடு."

பக்கத்துக்கு மூன்று கேள்விகள். இன்று எது நன்றாக நடந்தது? மாணவியர் ஆர்வத்துடன் பங்கேற்றனர். எது சரியாக நடக்கவில்லை? நேரம் போதவில்லை. நாளை எதை மாற்றுவேன்? படம், அட்டை போன்ற துணைக்கருவிகளை மேலும் பயன்படுத்துவேன்.

ஜூலை மாதத்துப் பக்கங்களும் பாக்கி. பின்தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். ஜூலை 28 வந்தது. மாணவியர் ஆர்வத்துடன் பங்கேற்றனர் என்று எழுத என் கை வரவில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பீடிக்கடை வாசலில் இசக்கியின் அம்மாவைப் பார்த்தேன். சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை, இசக்கி ஏன் வரலை?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்?"

முகத்தைக் கடைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எல்லாம் டீச்சரால் வந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11க்கான பக்கம். எது சரியாக நடக்கவில்லை? "நேரம் போதவில்லை" என்று எழுதிவிட்டு, அதே பேனாவில், அதே அழகான கையெழுத்தில், கீழே ஒரு வரி சேர்த்தேன். "நான் அவமானப்படுத்தி அனுப்பிய இசக்கியம்மாள் இன்றும் வரவில்லை."

டீச்சர் இந்த நோட்டைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் எழுதி, நானே பெரிய டீச்சர் மேஜையில் வைத்து, நானே எடுத்து வருகிறேன். பெரிய டீச்சர் இதைப் படித்தால் கூப்பிட்டுக் கேட்பார். டீச்சரால் 'நான் எழுதவில்லை' என்று சொல்ல முடியாது. ஒரு மாணவி எழுதித் தருகிறாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். 'எழுதினேன்' என்றும் சொல்ல முடியாது. அவர் நோட்டே அவரைக் காட்டிக் கொடுக்கட்டும்.

மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் காய்ச்சல் அடிப்பது போல இருந்தது. அம்மா ரசம் வைத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பச்சை மை. படிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடவுள் என் பக்கம் இருக்கிறார்.

பாடக்குறிப்பு எழுத வசதியாக டீச்சர் தன் பாடப்புத்தகத்தை என்னிடம் விட்டுவிட்டு பேங்க் வரை போயிருந்தார். அடுத்த மாதம் நடத்தப்போகிற பாடத்தைப் புரட்டினேன். வரிக்கு மேலே ஏதோ அழுக்கு மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பென்சில். பொடி எழுத்து. தமிழ். எல்லா வார்த்தைக்கும் இல்லை, கடினமான வார்த்தைகளுக்கு மட்டும். நடத்தி முடித்த பாடங்களில் ரப்பர் வைத்து அழித்திருந்தார். அழித்த தடம் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. டீச்சர் ஒருநாளும் தான் முதலில் வாசிக்கமாட்டார். யாராவது ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டே தன் புத்தகத்தில் விரலை ஓட்டுவார். நாங்கள் சரியாக வாசிக்கிறோமா என்று பார்க்கிறார் என்று இத்தனை நாள் நினைத்தோம். இசக்கி வாசித்தால் மட்டும் அவர் விரல் நிற்காமல் ஓடும்.

ஆகஸ்ட் 20, புதன்

வெறுமையாக விட்டிருந்த ஜூலை 28 பக்கத்தை இன்று நிரப்பினேன். மத்தியான இடைவேளை முழுக்க ஆனது. இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

"இன்று எது நன்றாக நடந்தது? ஒன்றும் இல்லை. இசக்கியம்மாள் தன் புத்தகத்தில் இங்கிலீஷ் வரிகளுக்கு மேல் தமிழில் எழுதி வைத்திருப்பதாக ஒரு மாணவி வந்து என்னிடம் சொன்னாள். நான் புத்தகத்தைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அவளை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினேன்.

எது சரியாக நடக்கவில்லை? நான்தான். அவள் ஏன் அப்படி எழுதி வைத்துக்கொண்டாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரும் அவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தரவில்லை என்று சொல்லியிருப்பாள். இரண்டு வருஷமாக அவளுக்கு இங்கிலீஷ் எடுப்பது நான்.

நாளை எதை மாற்றுவேன்? எதையும் மாற்றமாட்டேன். என் புத்தகத்திலும் பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருக்கிறேன். அதை யாரும் பிடுங்கவில்லை."

டீச்சராக இருந்து எழுதுவதில் ஒரு தொல்லை இருக்கிறது. அவர் செய்ததை எழுதினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, ஏன் செய்தார் என்று ஒரு வரி தேவைப்படுகிறது. அதற்கு அவர் மண்டைக்குள் போக வேண்டியிருக்கிறது. எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

'ஒரு மாணவி வந்து என்னிடம் சொன்னாள்.' இதை எழுதாமலே விட்டிருக்கலாம். இப்போது அடித்தால் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பயிற்சி நடத்துகிற மரியசிலுவை சார் வந்தார். எல்லா இங்கிலீஷ் டீச்சர்களின் நோட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கப் போகிறாராம். பெரிய டீச்சர் மேஜையிலிருந்து நேராகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். படிக்கிற மனிதர் போலத்தான் தெரிந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

இனி அந்த நோட்டு என் கையில் இல்லை. நான் மாட்டினால் அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுவார்கள். அம்மா எல்லார் முன்னாலும் அழுவாள். பொதுத்தேர்வு எழுத விடாமல் செய்துவிடுவார்களா என்று யாரைக் கேட்பது?

ஆனால் டீச்சரும் மாட்டுவார். அதை நினைத்தால் பயம் கொஞ்சம் குறைகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

நாளை லீவு என்பதால் ஆசிரியர் தினத்தை இன்றே கொண்டாடினோம். வகுப்பு சார்பில் டீச்சருக்கு ஒரு சேலை. நான்தான் கையில் கொடுத்தேன். "நல்லா இருட்டி" என்று வாழ்த்தினார்.

சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுவட்டார இங்கிலீஷ் டீச்சர்களுக்குக் கூட்டம். தேநீர் கொடுக்க மூன்று பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன்.

செப்டம்பர் 6, சனி

விவரமாக எழுத வேண்டும்.

கூட்டம் ஒன்பதாம் வகுப்பு அறையில். நாற்பது பேர் இருப்பார்கள். பெரிய டீச்சரும் முன்வரிசையில் இருந்தார். நான் தட்டில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு கடைசி வரிசைப் பக்கம் நின்றேன். மரியசிலுவை சார் நோட்டுகளை மேஜையில் அடுக்கி வைத்துவிட்டுப் பேசினார்.

"நாப்பது நோட்டையும் வாசிச்சேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைங்க ஆர்வத்தோட பங்கேத்திருக்கு. எல்லாருக்கும் நேரம் போதலை. எல்லாரும் நாளைக்குத் துணைக்கருவி கொண்டுட்டு வாறீங்க. நானும் ரெண்டு மாசமா எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போறேன், ஒரு துணைக்கருவியும் என் கண்ணுல படலை."

எல்லோரும் சிரித்தார்கள். சண்முகவடிவு டீச்சரும் சிரித்தார். நாங்கள் கொடுத்த சேலையைக் கட்டியிருந்தார்.

"ஒரே ஒரு நோட்டு. டீச்சர், நீங்கதான். மூலை மடிச்சு வச்சிருக்கேன். அந்தப் பக்கத்தை வாசிங்க."

"நல்லா எழுதியிருக்கேனா சார்?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் எழுந்தார்.

"நீங்க வாசிங்க."

இதற்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன்.

"ஜூலை 28" என்று சத்தமாக வாசித்தார். "இன்று எது நன்றாக நடந்தது? ஒன்றும் இல்லை." நிறுத்தினார். சாரைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். கண் மட்டும் கீழே கீழே போனது. பக்கம் முழுவதையும் மனசுக்குள் ஓட்டிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் தலையைத் தூக்கி அறை முழுக்கத் தேடினார். என்னைக் கண்டுபிடித்தார்.

தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

அவர் நோட்டை மூடிவிடுவார், உடம்பு சரியில்லை என்று உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வாசித்தார்.

"இசக்கியம்மாள் தன் புத்தகத்தில் இங்கிலீஷ் வரிகளுக்கு மேல் தமிழில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன்."

'பார்த்தேன்' என்று அங்கே இல்லை. ஒரு மாணவி வந்து சொன்னாள் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும். அவர் அதைத் தாண்டிப் போனார்.

மற்றதில் ஒரு சொல்லையும் விடவில்லை. 'அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது' என்பதை வாசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். 'என் புத்தகத்திலும்' என்று தொடங்கும் வரிக்கு வந்ததும் நெடுநேரம் நின்றார். பெரிய டீச்சர் நாற்காலியில் அசைந்தார். அப்புறம் அந்த வரியையும் வாசித்தார்.

நான் எதிர்பார்த்தது சிரிப்பு. அவர் இசக்கிக்குச் செய்தது போல நாற்பது பேரும் சிரிக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான டீச்சர் ஒருவர், "அம்மாடி, என் புத்தகத்துலயும்தான் இருக்கு" என்றார். "எனக்கும்" என்று முன்னாலிருந்து இன்னொரு குரல். "நான் பென்சில் கூட இல்லை, பேனாவுலயே எழுதியிருக்கேன்" என்றார் ஒரு சார். அப்போதுதான் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. எல்லோரும் எழுந்துபோய் டீச்சரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஆறிப்போன தேநீரோடு நின்றேன்.

தோற்றுப்போனேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவர் என்னை விட்டுவிட்டு வாசித்தார். என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அதை மன்னிக்கவே மாட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நான்தான் சொன்னேன்.

ஜூன் மாதக் கடைசியில் டீச்சர் வகுப்பில் சொன்னார்: "ஆவுடைக்குக் கைதான் இருக்கு. இங்கிலீஷ் இருக்கிறது இசக்கி நாக்குல." வகுப்பு இசக்கியைத் திரும்பிப் பார்த்தது. அவளும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவள் கேலியாகப் பார்க்கவில்லை. எனக்கு அப்படித் தெரிந்தது.

அவள் புத்தகத்தில் இருந்த தமிழ் எழுத்தும் என் கையெழுத்துதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டில் உட்கார்ந்து நான் வாசித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பேன். அவள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பாள். டீச்சர் புத்தகத்தைப் பிடுங்கியபோது அந்த எழுத்தைப் பார்த்தார், உடனே என்னைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன? அவருடைய நோட்டு முழுக்க அதுதானே. ஆனால் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினால் அவருக்குப் பாடக்குறிப்பு யார் எழுதுவது?

நானும் அன்றைக்குச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தபோது சிரித்தேன்.

எழுதியாகிவிட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

மூன்றாவது பீரியட் முடிந்ததும் ஆய்வகத்துக்குப் பின்னால் வரச் சொன்னார். கையில் அந்த நோட்டு இருந்தது.

"ரெண்டு நாளா தூங்கலை" என்றார். "டி.சி. எழுதி ஒங்கம்மா கையில குடுத்துறணும்னு காலையிலயே ரெண்டு தடவை பெரிய டீச்சர் ரூம் வரைக்கும் போனேன்."

நான் அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன்.

"போய் என்ன சொல்ல? என் நோட்டை இவ எழுதினான்னா? இல்ல, இவ எழுதினதெல்லாம் பொய்யின்னா?" நோட்டால் தன் தொடையில் அடித்துக்கொண்டார். "பொய்யா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். சார் வேற வீட்டுக்குப் போன் போட்டு இதே மாதிரி எழுதுங்க டீச்சர்ங்காரு. நேத்து உக்காந்தேன். நாலு வரி எழுதுறதுக்கு ராத்திரி பதினொண்ணு ஆயிட்டு."

"ஏன் டீச்சர் அந்த இடத்தை விட்டுட்டு வாசிச்சீங்க?"

"எந்த இடத்தை?"

அவருக்குத் தெரியும். நானே சொல்ல வேண்டும் என்று நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒன்னை இன்னைக்கும் எனக்குப் பிடிக்கலட்டி" என்றார். "பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பாத்திருக்க. சாயங்காலம் இசக்கி வீட்டுக்குப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்கு டீச்சர்?"

"தனியாப் போகப் பயமா இருக்கு."

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

இசக்கி மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவள் அம்மாதான் பாயை உதறிப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். டீச்சர் உட்காரவில்லை.

"நான் செஞ்சது தப்பு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றார் டீச்சர். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

இசக்கியின் விரல்கள் நிற்கவில்லை. "யாரு டீச்சர் ஒங்ககிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானா பாத்தேன்."

"நீங்க என் பக்கத்துல வந்ததே இல்லையே டீச்சர். ரெண்டு வருசமா."

டீச்சர் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நான்தாட்டி சொன்னேன்" என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும். நீயா வந்து சொல்லுதியான்னு பாத்தேன். ஒன்றரை மாசம் ஆயிருக்கு."

அவள் அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். இசக்கி கையைக் காட்டி நிறுத்திவிட்டு டீச்சரிடம் கேட்டாள்: "பரீட்சையில தமிழ் எழுத்து வச்சுக்கிட விடுவாங்களா?"

"விடமாட்டாங்க."

"அப்ப வந்து என்ன செய்ய?"

"சாயங்காலம் ஒரு மணி நேரம் இரு. முதல் எழுத்துல இருந்து நான் சொல்லித் தாறேன்." டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். "வேகமா வராது. எனக்கே வேகமா வராது."

"அந்த ஒரு மணி நேரம் யாரு சுத்துவா?" என்று அவள் அம்மா கேட்டார். "சாயங்காலந்தான் டீச்சர் இவ கை ஓடும்."

இசக்கி மடியிலிருந்த சுளகை எடுத்து என் முன்னால் தள்ளினாள்.

"இவ சுத்தட்டும்."

"படிக்கிற பிள்ளை கையில போய் ஏன்..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"நானும் படிக்கிற பிள்ளைதான டீச்சர்?"

நான் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டீச்சர் இப்போது தன் நோட்டைத் தானே எழுதுகிறார். ஸ்டாஃப் ரூமைத் தாண்டும்போது பார்த்தேன். பேனாவை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய பாடத்தைத் தானே முதலில் வாசித்தார். மூன்று இடத்தில் தடுக்கியது. ஒரு வார்த்தையில் நின்று, "இது எனக்கும் சந்தேகம்தான், நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றார். பின்பெஞ்சில் சிரித்தார்கள். அவர் திட்டவில்லை. எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இசக்கி வருகிறாள். முன்பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு பேசுவதில்லை.

சாயங்காலம் அவள் டீச்சரோடு இருக்கும்போது நான் அவள் வீட்டில் இருக்கிறேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன். ஈர இலையைத் தகரத் துண்டின் அளவுக்கு வெட்ட வேண்டும். தூளை நிரப்பி உருட்ட வேண்டும். பீடியின் வாயை நகத்தால் மடிக்க வேண்டும், நூல் சுற்ற வேண்டும். என் கை எழுத மட்டுமே பழகிய கை. தூள் மூக்கில் ஏறித் தும்மல் வருகிறது. அத்தை ஒரு வார்த்தை பேசமாட்டார். பக்கத்து வீட்டு அக்காமார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்துக்காரி பீடி சுத்துதா டோய்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

இன்று ஆறு மணிக்கு இசக்கி வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, கை கால் கழுவிவிட்டு, நான் சுற்றியதை ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"இது தளர்ந்து கிடக்கு." பிரித்துத் தூளைக் கொட்டினாள். "இதுக்கு வாய் மடியலை." அதையும் பிரித்தாள். "இதைப் பீடிக்கடையில குடுத்தா மூஞ்சியில எறிவான்."

ஒரு மணி நேரத்து வேலை. என் கண் முன்னால் ஒன்று விடாமல் பிரித்தாள். அவசரப்படவில்லை.

"இன்னைக்கு டீச்சர் என்ன சொல்லித் தந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கு?"

நான் எழுந்தேன். வாசல் வரை வந்த பிறகு, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்றாள்.

நான் டீச்சரைப் பழிவாங்க ஒரு மாதம் ஒளிந்து ஒளிந்து எழுதினேன். இசக்கி என்னைப் பழிவாங்குகிறாள். அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். முகத்துக்கு நேரே செய்கிறாள்.